ஒத்துழைப்பு இல்லை

இல்லீங்க, மடியில படுக்க வைக்க வேண்டாமுங்க. இவ உக்காந்துதான் தூங்குவா. படுத்தா மூச்சு முட்டும். நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்க, தலை உங்க தோள்ல சாஞ்சா மட்டும் சித்த இக்கட்ட, எம்பக்கமாத் தள்ளி விட்ருங்கோ. எனக்குப் பழக்கந்தான்.

எம்பட பிள்ளைதானுங்க. கனிஷ்கா. அஞ்சாவது படிக்கறா. பாத்தா ஒண்ணாவது பிள்ளையாட்டம் இருக்குதுன்னு நீங்க நெனைக்கறது தெரியுது. தப்பா எடுத்துக்க மாட்டேன், எல்லாருமே அதைத்தான் கேப்பாங்க. கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றோமுங்க. நீங்க எங்க, வெள்ளகோயிலா? மக வீட்டுக்குங்களா? பையில முருங்கைக்காய் எட்டிப் பாக்கறப்பவே நெனச்சேன், மக வீடாத்தான் இருக்கோணும்னு. மருமக வீட்டுக்கு யாரு முருங்கைக்காய் சொமந்துட்டுப் போறாங்க!

நாங்க காங்கயத்துக்கு முன்னாலயே எறங்கிருவோம். செம்மாண்டவலசு. ஊரு பேரைச் சொன்னா கண்டக்டருக்குத் தெரியாதுங்க, ரைஸ்மில்லு ஸ்டாப்புன்னு சொல்லோணும்.

என்ன சீக்குன்னுங்களா? மூச்சு. என்ன பேருன்னு இன்னிக்குக்கூடச் சொல்லலைங்க. ஒரு மிசினுல ஊதச் சொன்னாங்க. ஊதுனா. அடுத்து எப்ப வரோணும்னு சீட்டு எழுதிக் குடுத்திருக்காங்க. அவ்வளவுதான்.

அந்த மிசினைப் பத்தி எனக்கு எல்லாந் தெரியுமுங்க. நெசமாத்தான். இன்னிக்கு அங்க உக்காந்திருந்த பிள்ளையை விட எனக்கு எச்சாவே தெரியும். ஒரு வருசம் அதே வேலைதானே பாத்தேன். என்னமோ ஆஸ்பத்திரி உத்தியோகம்னு நெனச்சுக்காதீங்க. நான் எங்கூருப் பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்கறவ. துளசிமணின்னா வலசுல எல்லாருக்குந் தெரியும். இப்ப கொஞ்சம் எச்சாவே தெரியும்.

சொல்றனுங்க. இன்னும் சூலூரே வரலை, ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்குது.

எங்க பள்ளிக்கூடத்துச் செவுரும் மில்லுச் செவுரும் ஒரே செவுருங்க. அவிய பாய்லருக்கு உமியைத்தான் எரிக்கறாங்க. அந்தக் கரி பொகைக்கூண்டு வழியா வந்து ஊரு மேல உக்காரும். கொடியில வெள்ளைத் துணி காயப்போட்டா எள்ளுத் தூவுன மாதிரி ஆயிரும். நாங்க அதுக்குப் பழகீட்டோம். சோத்துப் பானையை மூடியே வெப்போம், தண்ணிக் கொடத்தை மூடியே வெப்போம். மூக்கைத்தான் மூட முடியறதில்லை.

போன வருசம் ஆனி மாசம் ஒரு வேன் வந்துச்சுங்க. மரகதவல்லின்னு ஒரு டாக்டரம்மா, கூட ரெண்டு படிக்கற பொண்ணுக, ஒரு மிசினு. ஆராய்ச்சின்னாங்க. எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும், ஏழு மைல் தள்ளி பொன்னாங்காட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் மாசா மாசம் ஊத வெச்சுப் பாப்பாங்களாம். பொன்னாங்காட்டுல மில்லு கிடையாதுங்க, வெறும் சோளக்காடு. ரெண்டு ஊருப் பிள்ளைகளுக்கும் நெஞ்சு எவ்வளவு காத்துப் புடிக்குது, அதை எவ்வளவு வேகமா வெளிய தள்ளுதுன்னு பாத்தா, மில்லுக் கரி பிள்ளைகளைக் கெடுக்குதா இல்லையான்னு தெரிஞ்சு போயிருமாம். மில்லுக்காரங்க அப்பத்தான் ரெண்டாவது பாய்லரு போடறதுக்கு மனு குடுத்திருந்தாங்க. அதனால ஊரே இதைத்தான் எதிர்பாத்துட்டு இருந்துச்சு.

ஊதறதுன்னா சும்மா பலூன் ஊதற மாதிரி இல்லீங்க. மூக்குல ஒரு கிளிப்பு மாட்டுவாங்க. வாயில அட்டைக் கொழாய். காத்து ஒழுகாம உதட்டை இறுக்கிக்கோணும். வயித்தோட அடி வரைக்கும் மூச்சை இழுத்து, ஒரே தம்முல டப்புன்னு வெளிய தள்ளி, அப்பறம் நெஞ்சுல ஒரு சொட்டுக் காத்து இல்லாத வரைக்கும் ஊதிக்கிட்டே இருக்கோணும். கம்ப்யூட்டர்ல மெழுகுவர்த்திப் படம் வரிசையா நிக்கும். நல்லா ஊதுனா எல்லாம் அணைஞ்சு போகும். அந்த மாதிரி மூணு தடவை சரியா ஊதோணும். எட்டுத் தடவைக்கு மேல விடமாட்டாங்க.

மொதல் நாள் எங்க பிள்ளைக ஒண்ணும் ஊதலைங்க. சிரிக்குதுக. அந்தப் படிக்கற பொண்ணு பூனையாட்டம் "ஊதுங்க செல்லம், ஊதுங்க"ன்னா எந்தப் பிள்ளை ஊதும்? நான் அடுப்படியில இருந்து கரண்டியோட வந்து நின்னு பாத்தேன். பொறுக்க முடியலை. "டேய், ஈர வெறகு எரியலைன்னா அடுப்பை எப்படிடா ஊதுவே? அப்படி ஊது! ஊது ஊது ஊது ஊது! இன்னும் இன்னும் இன்னும் இன்னும்... விடாத, விடாத!"ன்னு ஒரு சத்தம் போட்டேன். பையன் ஊதுனான் பாருங்க, மெழுகுவர்த்தி அத்தனையும் அணைஞ்சு போச்சு. டாக்டரம்மா கையைத் தட்டீட்டாங்க. "நீங்களே பக்கத்துல நில்லுங்க துளசி. இந்த ஸ்கூலுக்கு நீங்கதான்"னாங்க.

அன்னிக்கு எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுங்களா? பத்தாவதோட நின்னவ நான். எங்கிட்ட ஒரு டாக்டரு இப்படிக் கேட்டாங்க. காயிதம் மாட்டுன ஒரு பேடு குடுத்தாங்க, பேனா குடுத்தாங்க. பிள்ளை பேரு, ஒசரம், எடை, செல்லும், செல்லாதுன்னு நானே எழுதோணும். கடைசியில ஒரு கட்டம். ஒத்துழைப்பு இல்லை. ஊத மாட்டேன்னு முரண்டு பண்ற பிள்ளைகளுக்கு அதுல ஒரு டிக்கு.

மொத மாசம் தொண்ணூத்தாறு பிள்ளைகள்ல முப்பத்தொண்ணு செல்லாம போச்சுங்க. எல்லாம் இருமற பிள்ளைக. பாதி ஊதறப்பவே இருமிரும். இருமுனா அந்தக் கோடு கோணிக்கும், மிசினு ஏத்துக்காது. டாக்டரம்மா காயிதத்தைப் பாத்துட்டு நெத்தியைப் புடிச்சுக்கிட்டாங்க. "இவ்வளவு செல்லாதது இருந்தா யாருமே நம்ம ஆராய்ச்சியை ஏத்துக்க மாட்டாங்க துளசி"ன்னாங்க. மெரட்டலைங்க. சலிப்பாச் சொன்னாங்க. எனக்கு அது முள்ளாட்டம் ஏறிருச்சு. எங்கூருப் பள்ளிக்கூடத்தால அவிய ஆராய்ச்சி நின்னு போச்சுன்னு பேராகலாங்களா?

நான் தெனமும் அரிசி பொடைக்கறவ. கல்லு கெடந்தா பொறுக்கிப் போட்டுட்டுத்தானே ஒலையில போடறோம்? அதே ரோசனைதான் எனக்கும். அடுத்த மாசம் வேன் வர்றதுக்கு முன்னாலயே நான் வகுப்பு வகுப்பாப் போயி இருமற பிள்ளைகளைத் தனியாக் கூட்டிட்டு வந்து அடுப்படித் தாவாரத்துல உக்கார வெச்சுட்டேன். "உங்களுக்கு நல்லாகட்டும், அடுத்த மாசம் ஊதலாம்"னேன். சும்மா உக்காந்திருந்தா இருமீட்டே கெடக்குமேன்னு ஆளுக்கொரு தட்டுல அரிசியைப் போட்டு, கல்லு பொறுக்குங்கன்னு குடுத்தேன். பிள்ளைகளும் பொறுக்குச்சுக. அடுத்த மாசமும் அதே பிள்ளைகதான் இருமுச்சு. அதுக்கடுத்த மாசமும் அதே பிள்ளைகதான். மத்த பிள்ளைக அவங்களுக்கு ஒரு பேரே வெச்சுட்டாங்க. கல்லு. "கல்லுகளெல்லாம் அடுப்படிக்குப் போங்கடா"ன்னு கத்துவாங்க. பிள்ளைக வெளையாட்டு, நான் கண்டுக்கலைங்க.

டாக்டரம்மாவுக்கு அவ்வளவு சந்தோசம். மூணாவது மாசம் காயிதத்தைப் புரட்டிப் பாத்துட்டு, "துளசி, இப்பத்தான் சுத்தமா இருக்கு"ன்னாங்க. அந்த வார்த்தையை நான் வீட்டுக்கு வந்து ரெண்டு தடவை சொல்லிப் பாத்தேன்.

தண்ணி பாட்டில் கீழ உருண்டிருச்சு பாருங்க, உங்க காலடியில. ஆமாங்க. எடுத்தாச்சு.

இவளுங்களா? இவளும் கல்லுதானுங்க.

மொத மாசமே இவளை ஊத வெச்சேன். எல்லாப் பிள்ளைகளும் சுத்தி நின்னு பாக்குது. எம்மக நல்லா ஊதோணும்னு எனக்கு இருக்காதுங்களா? வீட்டுல விசில் குடுத்து, பலூன் குடுத்து, பழக்கித்தான் கூட்டிட்டுப் போயிருந்தேன். எட்டுத் தடவை ஊதுனா. ஒவ்வொரு தடவையும் பாதியில இருமல். நான் பக்கத்துல நின்னு ஊது ஊதுன்னு கத்தறேன். ஏழாவது தடவை உதடு நாவப்பழம் தின்ன மாதிரி ஆயிருச்சு. எட்டாவது தடவை ஊதி முடிச்சுட்டு என்னைப் பாத்தா. நான் குனிஞ்சு பேடுல டிக்குப் போட்டேன். ஒத்துழைப்பு இல்லை. நாலாவது படிக்கற பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதுங்களா? படிச்சுட்டு, "நான் ஊதுனேன்மா"ன்னா.

"ஊதுனதெல்லாம் செல்லாது, எந்திரி"ன்னுட்டேன்.

சொந்தப் பிள்ளைன்னு சலுகை காட்டுனான்னு ஒருத்தரும் என்னைச் சொல்லப்படாதுங்க. அதுல நான் சுத்தம். ஊருல கேட்டுப் பாருங்க, அதுல மட்டும் இன்னி வரைக்கும் ஒருத்தரும் என்னைக் குத்தம் சொன்னதில்லை.

ஒருத்தி மட்டும் விடலை. செல்வநாயகி. ரெண்டு வீடு தள்ளி இருக்கறா. எங்களுக்குள்ள கொழாய்த் தண்ணி விசயத்துல பழைய ஒரியாட்டம் ஒண்ணு இருக்குதுங்க. அவ பையன் மித்திரனும் அடுப்படித் தாவாரத்துலதான் உக்காந்திருந்தான். ஐப்பசி மாசம் வேன் வந்த அன்னிக்கு, பையனைத் தரதரன்னு இழுத்துட்டு வந்து என்ற முன்னால நிறுத்துனா. "எம் பையனை எதுக்குடி ஊத விட மாட்டேங்கற?"ன்னா.

"அவன் இருமறான், செல்லாது"ன்னேன்.

"இருமறதைத்தானடி அவிய பாக்கறதுக்கு வந்திருக்காங்க?"

நான் என்ன நெனச்சேன் தெரியுங்களா? தண்ணிச் சண்டையை இங்க கொண்டுட்டு வர்றா பாரு, நான் பேடைப் புடிச்சுட்டு நிக்கறது இவளுக்குப் பொறுக்கலைன்னு நெனச்சேன். "உனக்கு ஆராய்ச்சியைப் பத்தி என்ன தெரியும்? மொதல்ல பையனுக்கு மொளகுக் கசாயம் வெச்சுக் குடு"ன்னு சொல்லி அனுப்பீட்டேன். டாக்டரம்மா அப்ப வேனுக்குள்ள இருந்தாங்க. அவிய காதுல விழுகலை. விழுந்திருந்தா எப்படியோ. விழுகலைங்க.

மார்கழியில இவளுக்கு ரொம்ப ஆயிருச்சு. பனி எறங்கறப்ப கரியும் எறங்கும், கீழயே நிக்கும். அப்ப இருந்துதான் உக்காந்து தூங்க ஆரம்பிச்சா. செவுத்துல தலையணை சாத்தி வெச்சு உக்கார வெச்சிருவேன். அவிய அப்பா லாரிக்குப் போறவரு, வந்து பாத்துட்டு, "என்ன, பிள்ளை சாமியாரு மாதிரி உக்காந்துட்டுத் தூங்குது?"ன்னாரு. நாங்க மூணு பேரும் சிரிச்சோம். அவளும் சிரிச்சா, சிரிச்சதுல இருமல் வந்துருச்சு.

பல்லடம் வந்திருச்சுங்களா? இல்ல, இன்னும் காரணம்பேட்டைதான்.

மாசி மாசம் கூட்டம் போட்டாங்க. கருத்துக் கேட்புக் கூட்டம்னு. கல்யாண மண்டபத்துல. பாய்லரு போடலாமா வேண்டாமான்னு ஊருச்சனங்ககிட்டக் கேக்கறாங்களாம். அதிகாரிக எல்லாம் மேடையில. டாக்டரம்மா வரலை, அவிய ரிப்போர்ட்டு மட்டும் வந்திருந்துச்சு. மில்லு மேனேசர்தான் மைக்கைப் புடிச்சுப் படிச்சாரு. எனக்கு இங்கிலீசுல அவரு படிச்சது புரியலை, கடைசியாத் தமிழ்ல சொன்னாரு. "மில்லுக்குப் பக்கத்துல இருக்கற செம்மாண்டவலசுப் பிள்ளைகளோட நுரையீரல், மில்லே இல்லாத பொன்னாங்காட்டுப் பிள்ளைகளை விட நல்லா இருக்குது. இது நான் சொல்லலை, ஆராய்ச்சி சொல்லுது"ன்னாரு.

நான் கை தட்டுனனுங்க.

மறைக்க என்ன இருக்குது, தட்டுனேன். பொன்னாங்காட்டை எங்க பிள்ளைக செயிச்சுருச்சே! பொன்னாங்காட்டுல ஊத வைக்கறதுக்கு என்னை மாதிரி ஆளில்லை, அந்தப் பூனைக் கொரலுப் பொண்ணுதான். இங்க ஒவ்வொரு பிள்ளைக்கும் தொண்டை கிழியக் கத்துனது நான். அந்த மண்டபத்துல அது என்ற மார்க்குன்னுதானுங்க எனக்குப் பட்டுச்சு.

அப்பத்தான் செல்வநாயகி எந்திரிச்சா. பையனை இடுப்புல தூக்கி வெச்சிருந்தா. எட்டு வயசுப் பையனை. மைக்கு குடுக்கலை. வாயிலயே கத்துனா. "மொத மாசத்துக்கப்பறம் இவனை யாருமே ஊத வைக்கலைங்க! இவனை மாதிரி முப்பது பிள்ளைக இருக்குது! அவங்களையெல்லாம் சேக்காம என்ன ரிப்போர்ட்டு?"ன்னு. மேடையில இருந்த அதிகாரி பேனாவை எடுத்துட்டாரு. நெசமாவே எழுதப் போனாரு.

நான் எந்திரிச்சேன். "அந்தப் பையன் ஒத்துழைக்கலைங்க. ரெக்கார்டுல இருக்குது. நாந்தான் எழுதுனேன்"னேன்.

அந்த அதிகாரி பேனாவை மூடி வெச்சுட்டாரு.

அன்னிக்கு மேனேசரு எனக்கு ரெண்டு கையாலயும் கும்புடு போட்டாருங்க. அதுவரைக்கும் அந்த ஆளு எங்கூருப் பொம்பளைக ஒருத்தரையும் ஏறெடுத்துப் பாத்ததில்லை.

பங்குனியில, பரீட்சை நேரம், டாக்டரம்மா மறுபடி வந்தாங்க. வேன் இல்லை, மிசினு இல்லை, பஸ்சுல வந்து எறங்கி நடந்து வந்தாங்க. செல்வநாயகி மித்திரனைக் கூட்டிட்டு கோயமுத்தூருக்கே போயிட்டாளாமா, அவிய உக்கார்ற எடத்துக்கே. நேரா அடுப்படிக்கு வந்தாங்க. நான் சாம்பாருக்குத் தாளிச்சுட்டு இருந்தேன். அவிய கையில பள்ளிக்கூட வருகைப் பதிவேடும் என்ற காயிதமும்.

"துளசி, தொண்ணூத்தாறு பிள்ளைங்க படிக்கறாங்க. உங்க காகிதத்துல ரெண்டாவது மாசத்துல இருந்து அறுபத்தஞ்சு பேருதான் இருக்காங்க. மில்லுல வேலைக்கு வர்ற குடும்பங்க ஊரு மாறிப் போயிட்டாங்கன்னு நான் நெனச்சுக்கிட்டேன். மத்தவங்க எங்க?"

"இங்கதான் மேடம் இருக்காங்க. அவிய இருமற பிள்ளைக. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்னு நானே ஒதுக்கி வெச்சுட்டேன்"னு சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன்.

டாக்டரம்மா அடுப்படிப் படியில உக்காந்துட்டாங்க. கரி படிஞ்ச படிங்க அது, வெளுப்புச் சேலை கட்டியிருந்தாங்க. "நான் தேடி வந்ததே அந்தப் பிள்ளைங்களைத்தான் துளசி"ன்னாங்க.

"அவிய ஊதுனாலும் செல்லாதே மேடம்?"

"செல்லாதுன்னு சொன்னது நான். சுத்தமா இருக்குன்னு சொன்னதும் நான். எண்ணிப் பாக்காம விட்டதும் நான்தான்." ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தாங்கன்னா நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அந்தம்மா திட்டலை. கடுகு கருகிப் போச்சு. அன்னிக்குச் சாம்பாரு கசந்துச்சு, பிள்ளைக பாதி கொட்டீருச்சுக.

ரிப்போர்ட்டு தப்புன்னு எழுதிக் குடுக்கறேன்னு சொல்லீட்டுப் போனாங்க. எழுதுனாங்களாம். எழுதிக்கிட்டே இருக்காங்களாம். வைகாசியில ரெண்டாவது பாய்லரு பத்த வெச்சாங்க. பூசை போட்டுச் சக்கரைப் பொங்கல் குடுத்தாங்க, வீட்டுக்கு வீடு.

ஊருல யாரும் எங்கிட்டச் சண்டைக்கு வர்லீங்க. செல்வநாயகி கூட வர்லை. கொழாயில நான் கொடத்தை வெச்சா, அவ கொடத்தை எடுத்துட்டுப் பேசாம நின்னுக்கறா, நான் புடிச்சு முடிக்கிற வரைக்கும். முன்னெல்லாம் எம்மேல தண்ணியே ஊத்துவா. அது தேவலைங்க.

எனக்கும் ஒண்ணுந் தோண மாட்டேங்குது. அழுகையும் வர்றதில்லை. போன வாரம் ஒலைத் தண்ணி கையில கொட்டீருச்சு, இதோ பாருங்க, இந்தக் கொப்புளம். கொட்டறதைப் பாத்துட்டே நின்னுருக்கேன். கூட இருந்த ஆயாதான் கத்துச்சு. எனக்குக் கத்தோணும்னு தோணலை. மரத்துப் போச்சுங்க, என்னமோ.

நான் பண்ணுனது தப்புங்களா? சொன்ன வேலையைத்தானே செஞ்சேன்? நீங்க வயசுல பெரியவங்க, நீங்களே சொல்லுங்க. இல்ல, வேண்டாமுங்க. சொல்ல வேண்டாம்.

இன்னிக்கு நடந்ததைக் கேளுங்க. அந்த ஆஸ்பத்திரியில காத்தால எட்டு மணிக்குப் போயி உக்காந்தோம். பதினொண்ணரைக்குக் கூப்புட்டாங்க. உள்ள போனா அதே மிசினு. அதே மெழுகுவர்த்திப் படம். சின்ன வயசுப் பொண்ணு ஒண்ணு உக்காந்திருந்துச்சு. நான் பக்கத்துல போயி நின்னு, "கண்ணு, அடுப்பூதற மாதிரி..."ன்னு ஆரம்பிச்சேன். "நீங்க வெளிய நில்லுங்கம்மா, நீங்க கத்துனா பாப்பா பயந்துக்கும்"னு சொல்லீருச்சு. வெளிய வந்துட்டேன். கதவு சாத்தலை, இத்தனூண்டு தொறந்திருந்துச்சு.

பாத்துட்டே இருந்தேன். இவ ஒருத்தரு சொல்லாமயே மூக்குக் கிளிப்பைத் தானே எடுத்து மாட்டிக்கிட்டா. முதுகை நிமித்திக்கிட்டா. அட்டைக் கொழாயைப் பல்லுக்கு வெளிய போகாம, நாக்கு அடைக்காம, உதட்டை இறுக்கி... நான் மத்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்த அத்தனையும். அடுப்படித் தாவாரத்துல கல்லு பொறுக்கீட்டே கேட்டிருக்கா. ஒரு வருசமாக் கேட்டிருக்கா. ஒண்ணு மறக்கலை.

ஊதுனா. இருமல். ஊதுனா. இருமல். எட்டு. நான் கதவுக்கு இந்தப்பக்கம் எண்ணீட்டே நின்னேன்.

அந்தப் பொண்ணு சீட்டு எழுதுச்சு. இதோ, பையில இருக்குது. நீங்களே படிங்க. கண்ணாடி இல்லீங்களா, சரி, நானே படிக்கறேன். பேரு போட்டிருக்குது. வயசு போட்டிருக்குது. அப்பறம், "பரிசோதனைக்கு ஒத்துழைப்பு இல்லை. மூன்று வாரம் கழித்து மீண்டும் வரவும்." அவ்வளவுதானுங்க. எழுத்தைப் பாருங்க, குண்டு குண்டா, அழகா. என்ற எழுத்தும் இதே மாதிரிதான் இருக்கும்.

சண்டை போடோணும்னுதான் உள்ள போனேன். இருமறதைத்தானம்மா நீ பாக்கோணும், அதை எழுதும்மான்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அது யாரோட வார்த்தைன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. "சரிங்க"ன்னு சீட்டை வாங்கிக்கிட்டேன். அந்தப் பொண்ணு பாவம், வெளிய இன்னும் நாப்பது பேரு நிக்கறாங்க. அந்தப் பிள்ளைக்கும் மேல ஒருத்தரு இருப்பாங்க, சுத்தமா இருக்கோணும்னு சொல்றதுக்கு.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து தேன்முட்டாய் வாங்கிக் குடுத்தேன். இவ வாங்கிக் கையில வெச்சுக்கிட்டா, திங்கலை. என்னைக் கேக்கறா: "அம்மா, இங்கயும் நான் கல்லுதானா?"

கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து பஸ் ஏறீட்டேன். ஏறுன ஒடனே தூங்கீட்டா. முட்டாய் இன்னும் கையிலதான் இருக்குது பாருங்க, பிசுபிசுன்னு.

எந்திரி கண்ணு. எந்திரி சாமி, ஊரு வரப்போகுது. மெதுவா. மூச்சை வாங்கிக்கோ, அவசரமில்லை.

ஏனுங்க, சித்த அந்தச் சன்னல் கண்ணாடியைச் சாத்தீருங்கோ. அந்தப் பொகைக்கூண்டு தெரியுது பாருங்க, அங்கிருந்து கரி உள்ள வரும், உங்க சேலை பாழாயிரும். ரொம்ப நேரம் இல்லீங்க. நாங்க எறங்குனதுக்கப்பறம் நீங்க தொறந்துக்கலாம்.